கீரைக்கட்டை முதலில் அவிழ்த்துவிடுங்கள்

கேள்வி: ஞாயிறு சந்தையில் வாரத்துக்கு மூன்று கட்டு கீரை வாங்குகிறேன். கழுவி, பாலிதீன் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தும் செவ்வாய்க்குள் கொழகொழவென்று அழுகிவிடுகிறது. வாங்குவதில் தவறா, வைப்பதில் தவறா?

பதில்: வைப்பதில்தான், அதுவும் கழுவி வைப்பதில். பறித்த பிறகும் கீரை மூச்சுவிடுகிறது. அதனால் சூடும் ஈரமும் உண்டாகின்றன. இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் அவை வெளியேற வழியில்லை. கழுவிய தண்ணீரும் சேர்ந்தால் அழுகல் நடுவிலிருந்தே தொடங்கிவிடும்.

வாங்கும்போதும் நடுவைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளித்த கட்டு மேலே பளிச்சென்றுதான் தெரியும். விரலை விட்டு விலக்கிப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் வேண்டாம். முளைக்கீரை, தண்டுக்கீரை என்றால் தண்டை ஒடித்துப் பாருங்கள்: பட்டென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல். நுனியில் பூங்கதிர் வந்திருந்தாலும் முற்றல்தான். இலையில் ஓரிரு ஓட்டை இருப்பதற்காக ஒதுக்காதீர்கள். ஆனால் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தால் அது நோய் தாக்கிய கீரை. வேறு கட்டு கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டை அவிழ்ப்பது. மஞ்சள் இலையையும் நைந்த இலையையும் பொறுக்கிவிட்டு, மண்ணோடு இருக்கும் வேரை வெட்டிவிடுங்கள். ஈரமாக இருந்தால் முறத்தில் பரப்பி ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். அப்புறம் காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை இலையில் ஒட்டும். அதே தட்டில் தக்காளி, பழுத்த மாம்பழம், ஆப்பிள் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

இப்படி வைத்தால் மூன்று நாளைக்குத் தாங்கும். மூன்று கட்டில் எது மெல்லிய இலையோ, அதை முதலில் சமைத்துவிடுங்கள். கொத்தமல்லியைத் தண்டு மட்டும் மூழ்கும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தலாம். முருங்கைக்கீரையை நாள்கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். மாலையில் வாங்கி, இரவு துணியில் சுற்றி வைத்துவிட்டு, காலையில் கிளையை உதறினால் இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றாக உருவும் வேலை மிச்சம்.

கழுவுவது சமைக்கும்போதுதான், அதுவும் நறுக்குவதற்கு முன்னால். நறுக்கிய பிறகு கழுவினால் சத்தும் தண்ணீரோடு போய்விடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அலசி, கையால் அள்ளி மேலே எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். பாத்திரத்தின் அடியைத் தடவும்போது விரலில் மண் நெருடாத வரைக்கும் தண்ணீரை மாற்றுங்கள்.