கார்டு இருக்கிறது, சீல் இருக்கிறதா?

கேள்வி: டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80 வாட்ச் வாங்கப் போகிறேன். ஷோரூமை விட 12,000 ரூபாய் குறைவாக ஆன்லைனில் ஒருவர் தருகிறார். ‘ஒரிஜினல்தான் சார், பெட்டியோடு வாரண்டி கார்டும் வரும், 2 வருஷத்துக்கு நாங்கள் பொறுப்பு’ என்கிறார். நம்பி வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லாமலே இருக்கலாம். ‘நாங்கள் பொறுப்பு’ என்ற வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கம்பெனி பொறுப்பு என்று அவர் சொல்லவில்லை.

வாட்ச் ஒரிஜினலாக இருந்தால் கம்பெனி வாரண்டியும் கூடவே வந்துவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி வராது. டிஸ்ஸாட் தருவது 24 மாத வாரண்டி. ஆனால் கார்டில் விவரங்களை முழுமையாக நிரப்பி, விற்ற தேதி போட்டு, அதிகாரபூர்வ டீலர் சீல் வைத்திருந்தால்தான் அது செல்லும். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு டீலரிடம் தேங்கிய சரக்கு இரண்டு மூன்று கை மாறி உங்களிடம் வரும்போது, வாட்ச் அசல்தான், ஆனால் அந்தச் சீல் பெரும்பாலும் விழுந்திருக்காது.

சமீபத்தில் ஒருவர் தன் வாட்ச் கார்டைக் கொண்டுவந்து காட்டினார் (வேறு பிராண்ட்). மாடல் எண் அச்சாகியிருந்தது. சீரியல் எண்ணும் வாட்சின் பின்மூடியில் இருந்ததோடு பொருந்தியது. தேதிக்கும் டீலர் சீலுக்கும் விட்டிருந்த இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. ‘தேதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்’ என்று விற்றவர் சொன்னாராம். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

சில சமயம் வெளிநாட்டு டீலர் சீலோடு கார்டு வரும். அது எவ்வளவோ மேல். அதிலும் தேதியைப் பாருங்கள். 8 மாதம் முந்தைய தேதி என்றால் உங்களுக்கு மிச்சம் 16 மாதம்தான். நீங்கள் என்று காசு கொடுத்தீர்கள் என்பது கணக்கில் வராது.

சரி, கடைக்காரர் தரும் வாரண்டி சும்மாவா? அப்படியும் சொல்ல மாட்டேன். பல வருஷமாகத் தொழிலில் இருப்பவர், பில்லில் ‘2 வருடம்’ என்று எழுதித் தருபவர் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் யார் பழுது பார்ப்பார், கம்பெனி உதிரிபாகமா, கூரியர் செலவு யாருடையது என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்; வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில் தர முடியாது என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். 12,000 இல்லை, 20,000 குறைத்தாலும் வேண்டாம்.

பில் இருந்தால், அவர் பிறகு கைவிரித்தாலும் வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்கு ஓட வேண்டாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். முறையாக இந்தியாவுக்கு வந்த சரக்கில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் அது வந்த வழியே வேறு.

என் கணக்கு இது. பேட்டரி வாட்ச் என்றால் யோசிக்காமல் மலிவான இடத்தில் வாங்குவேன். பெரும்பாலும் பேட்டரி மாற்றுவதோடு முடிந்துவிடும், அதற்கு எப்படியும் வாரண்டி கிடையாது. ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாமல், கை அசைவில் தானே சாவி ஏறும் வாட்ச்) அப்படி இல்லை. அதிலும் பவர்மேட்டிக் 80-இல் வாட்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான ரெகுலேட்டர் ஊசி கிடையாது. தெருமுனை வாட்ச் கடைக்காரர் திறந்து லேசாகத் தட்டி நேரத்தைச் சரிசெய்ய முடியாது. திறந்தால் இருக்கிற வாரண்டியும் போகும். காசு கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்ப்பார்கள், ஆனால் மிச்சம் பிடித்த 12,000 அங்கே கரையலாம். அதனால் நானாக இருந்தால் ஷோரூமில் பேரம் பேசிப் பார்ப்பேன். கூச்சப்படாமல் கேளுங்கள், ஓரளவு குறைப்பார்கள்.

அப்படியும் ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். வந்த அன்றே பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை 40 சுற்று சுற்றி, கையில் கட்டாமல் மேசையில் வையுங்கள். முழுதாகச் சாவி கொடுத்தால் ஏறக்குறைய 80 மணி நேரம் ஓட வேண்டும். வெள்ளி மாலை 6 மணிக்கு வைத்தால் செவ்வாய் அதிகாலை 2 மணி வரை. ஞாயிற்றுக்கிழமையே நின்றுவிட்டால், பின்மூடியில் கை வைக்காமல், ஸ்டிக்கர் பிளாஸ்டிக் எதையும் கிழிக்காமல், அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.