குட்டை பீச் வாங்கப் போகிறீர்களா? தொட்டித் தோட்டக்காரர்களுக்கான கேள்வி-பதில்

நர்சரியில் ஒரு பீச் செடியில் ‘குட்டை ரகம்’ என்றும், பக்கத்துச் செடியில் ‘குட்டை வேர்ச்செடியில் ஒட்டியது’ என்றும் சீட்டு தொங்கியது. முதல் செடிக்கு விலை அதிகம். இரண்டும் ஒன்றுதானே? எனக்கு பால்கனியில் ஒரு பெரிய தொட்டி வைக்கத்தான் இடம் இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு. உங்கள் இடத்துக்கு முதல் செடிதான் சரி, விலை கூடுதலாக இருந்தாலும்.

‘குட்டை ரகம்’ பிறவியிலேயே குட்டை. கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கியிருப்பது அதன் மரபணுவில் உள்ள குணம். பொனான்ஸா, ஹனி பேப், கார்டன் லேடி எல்லாம் இந்த வகை. தரையில் நட்டாலே ஆள் உயரம்தான் வரும், தொட்டியில் அதைவிடக் குறையும். இரண்டாவது செடி வழக்கமான பீச் ரகம். வேர்ச்செடி என்பது வேருக்காக அடியில் வைத்து, மேலே வேண்டிய ரகத்தை ஒட்டும் வேறொரு செடி. வீரியம் குறைந்த வேர்ச்செடியில் ஒட்டியதால் வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். ஆப்பிளுக்கு எம்-27 என்று ஒரு வேர்ச்செடி உண்டு. அது மரத்தை ஆள் உயரத்திலேயே நிறுத்திவிடும். பீச்சுக்கு அப்படிப் பரவலாகக் கிடைக்கும் வேர்ச்செடி கிடையாது. பலரும் பயன்படுத்தும் செயின்ட் ஜூலியன் ஏ என்ற பிளம் வேர்ச்செடியில் ஒட்டினாலும் மரம் பத்தடியைத் தாண்டிவிடும். சுவரோரம் விசிறி மாதிரி படரவிட்டு வருடாவருடம் கவாத்து செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு அது நல்ல மரம். பால்கனிக்கு ஒத்துவராது.

சீட்டை மட்டும் நம்பாமல் கிளையையும் பாருங்கள். இந்த ஆண்டு விட்ட தளிரில் ஒரு விரல் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பீச்சில் இலைகள் விட்டு விட்டு நிற்கும், நடுவே தண்டு தெரியும். குட்டை ரகத்தில் நீள நீளமான இலைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் தொங்கும், விலக்கிப் பார்த்தால்தான் தண்டு கண்ணில் படும். இலை உதிர்ந்த காலமென்றால் மொட்டுகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று. நேரான தண்டின் உச்சியில் குடை மாதிரி கிளை விரித்த செடிகளையும் விற்கிறார்கள். குட்டை ரகத்தைத் தண்டின் மேல்முனையில் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தண்டு இனி நீளாது, வாங்கும்போது இருக்கும் உயரத்தில்தான் கடைசிவரை இருக்கும். பார்க்க அழகு. ஆனால் காற்றடித்தால் தொட்டியோடு சாயும், முட்டுக்கொம்பு கட்டியே ஆக வேண்டும். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அடியில் ஒட்டிய புதர் வடிவச் செடியைத்தான் எடுப்பேன்.

வாங்கி மூன்று வருடமாகிறது. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் நாலைந்துதான். எங்கள் பகுதியில் குளிர் அதிகம் கிடையாது. கடையில் கேட்டால் பூக்கும் உரம் என்று ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். இலை செழிப்பாக இருக்கும் செடிக்குப் பசி இல்லை. தழைச்சத்து மிகுந்த உரமாக இருந்துவிட்டால் இன்னும் இலைதான் வரும்.

பீச் மரம் குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அந்த உறக்கத்தைக் ‘குளிர் மணிநேரம்’ என்று கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை இருந்த மணிநேரங்களைக் கூட்டினால் அந்தக் கணக்கு வந்துவிடும். பெரும்பாலான பீச் ரகங்களுக்கு 600 முதல் 1,000 மணிநேரம் வேண்டும். ஹனி பேப்புக்கு அவ்வளவு வேண்டாம், சற்றுக் குறைந்தாலும் போதும் என்கிறார்கள். இந்தக் கணக்கு நிறையாவிட்டால் மொட்டு உதிரும், பூ சிதறலாக வரும், சில கிளைகள் வெகுநாள் மொட்டையாக நிற்கும். எந்த உரமும் இதை ஈடுகட்டாது. தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போடச் சொல்பவர்களும் உண்டு. குளிரை உணர்வது கிளையிலுள்ள மொட்டு, வேர் அல்ல. ஐஸ் கரைந்து தண்ணீராவதுதான் மிச்சம்.

ஆகவே செடி வாங்கும்போது உயரத்தைக் கேட்பதற்கு முன்னால் குளிர் மணிநேரத்தைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் ரகத்தின் பெயரை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள். ரகத்தின் பெயரே இல்லாமல் ‘பால்கனி பீச்’ என்று மட்டும் எழுதிய செடியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள். மிதமான குளிருள்ள இடங்களுக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃப்ளோர்டாபிரின்ஸ் (சுமார் 150 மணிநேரம்), யூஎஃப்சன் (சுமார் 100 மணிநேரம்) போன்ற ரகங்கள் இருக்கின்றன. இவை குட்டை அல்ல. பெரிய தொட்டியில் வைத்து, அறுவடை முடிந்ததும் வெட்டி வெட்டி அடக்கித்தான் வளர்க்க வேண்டும். பூக்காத குட்டையைவிட அது மேல்.

குளிரின் மேல் பழியைப் போடுவதற்கு முன் உங்கள் கத்தரிக்கோலையும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். பீச் போன வருடம் விட்ட தளிரில்தான் பூக்கும். அந்தத் தளிரின் கணுவை உற்றுப் பார்த்தால் பல இடங்களில் மூன்று மொட்டுகள் சேர்ந்திருக்கும். இரு பக்கமும் உருண்டையாக, மெல்லிய பூனைமுடியோடு இருப்பவை பூ மொட்டு, நடுவில் ஒல்லியாகக் கூராக இருப்பது இலை மொட்டு. செடியை வட்டமாக்குகிறேன் என்று குளிர்காலத்தில் நுனியெல்லாம் சீவிவிட்டால் பூவும் அதோடு போய்விடும்.

ஒரு செடி வாங்கினால் காய்க்குமா, ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா?

பெரும்பாலான பீச்சுக்கு ஒன்றே போதும், தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஜே.எச். ஹேல் என்ற பழைய ரகம் விதிவிலக்கு, அதன் மகரந்தம் பலன் தராது. குட்டை நெக்டரினில் (தோல் வழவழப்பாக இருக்கும் பீச் வகை) நெக்டர் பேப் என்ற ரகத்துக்கும் துணை வேண்டும், ஹனி பேப்பையே பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். பூக்கும் நாட்களில் செடி கூரைக்குள் இருந்தால் தேனீ வராது. மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தடவிவிடுங்கள், நண்பகலில் செய்வது நல்லது.

செடியோடு தொட்டி, மண்கலவை, அடியில் போடக் கூழாங்கல் என்று ஒரு தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கலாமா?

தொட்டியின் அளவைப் பொறுத்தது. கடைசியில் 40 முதல் 60 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும், வாய் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. சின்னச் செடியை முதல் நாளே அதில் வைக்க வேண்டாம், வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடந்து புளித்துப்போகும். படிப்படியாக மாற்றுங்கள்.

கூழாங்கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். அடியில் கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடுக்குகளுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கான இடம் குறைவதுதான் கண்ட பலன். தொட்டியில் துளைகள் போதுமான அளவு இருந்து, கலவை பொலபொலவென்று இருந்தால் வேறொன்றும் தேவையில்லை. நடும்போது ஒட்டு போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வரும் துளிர் வேர்ச்செடியுடையது, கண்டதும் கிள்ளிவிடுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, செடி உறங்கும் காலத்தில் வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேரை ஓரமாக வெட்டி, புதுக் கலவையில் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். 60 லிட்டர் ஈர மண்ணைத் தனியாளாகப் புரட்டுவது இடுப்புக்கு ஆகாது. தொகுப்பில் சக்கரப் பலகை இருந்தால் அதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

இணையத்தில் ‘குட்டை பீச் விதை, ஒரே வருடத்தில் காய்க்கும்’ என்று விளம்பரம். வெளிநாட்டிலிருந்து வருமாம்.

வாங்காதீர்கள். பீச் விதை முளைக்கவே இரண்டு மூன்று மாதம் ஈரக் குளிரில் இருக்க வேண்டும், முளைத்தபின் காய்க்கக் குறைந்தது மூன்று வருடம் பிடிக்கும். படத்தில் காட்டும் ரகம்தான் வரும் என்ற உறுதியும் கிடையாது. போதாததற்கு, பல நாடுகளில் வெளியிலிருந்து வரும் விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பொட்டலத்தைச் சுங்கத்திலேயே அழித்துவிடலாம், பணம் திரும்ப வருவது சந்தேகம். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணம் செலுத்திய வழியிலேயே புகார் கொடுங்கள்.

வசந்தத்தில் விட்ட புது இலைகளெல்லாம் சிவந்து, தடித்து, கொப்புளம் மாதிரி சுருண்டுவிட்டன. நோயுள்ள செடியை விற்றுவிட்டார்கள் என்று மாற்றித் தரச் சொல்லலாமா?

கேட்டுப் பார்க்கலாம், ஆனால் மாற்றிக் கொடுத்தாலும் அடுத்த ஆண்டு அதுவும் சுருளக்கூடும். இது இலைச்சுருள் நோய், டாஃப்ரினா என்ற பூஞ்சையின் வேலை. அதன் வித்துகள் பட்டையிலும் மொட்டின் செதில்களிலும் ஒட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். மொட்டு உப்பி விரியும் நாட்களில், குளிர்ந்த மழை ஈரம் பட்டால் உள்ளே நுழைந்துவிடும். இலை சுருண்டபின் எந்த மருந்தடித்தும் பயனில்லை, அந்தச் செலவு வேண்டாம். கெட்ட இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், செடி மறுபடி துளிர்க்கும். அந்த வருடம் காய்களைக் குறைத்துவிட்டால் செடி தேறிக்கொள்ளும்.

தரையில் மரம் வைத்திருப்பவர்கள் இலை உதிர்ந்ததும் ஒரு முறை, மொட்டு உப்புவதற்குச் சற்று முன் ஒரு முறை என்று தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். அவரவர் நாட்டில் வீட்டுத் தோட்டத்துக்கு அது அனுமதிக்கப்பட்டதா என்று உறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். குளிர்காலக் கடைசியில், மொட்டு அசைவதற்கு முன்பே தொட்டியை வெளிச்சம் விழும் கூரையடிக்கு நகர்த்துங்கள். இலை நன்றாக விரியும்வரை செடிமேல் மழை படக் கூடாது, தண்ணீரையும் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.