லைசென்ஸ் கேட்டால் ஆதார் காட்டும் கூகுள்

கேள்வி: என் டிரைவிங் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. ‘டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க என்ன வேண்டும்’ என்று கூகுளில் தமிழில் கேட்டேன். ஆதார், ஆர்டிஓ என்று பதில் வந்தது. அதற்கும் மேலே இருந்த ஒரு தளத்தில் என் நம்பரைக் கொடுத்தேன். இப்போது ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, முற்பணம் அனுப்பினால் நான் எங்கும் போகாமலே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பாதீர்கள். போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

முதலில் ஆதார் விஷயம். ஆதாரும் ஆர்டிஓவும் இந்தியாவுக்குரியவை, இலங்கைக்கல்ல. 1997இல் வந்த ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற தேடுதளத்தில் பொதுவான கேள்விகளுக்கு ஆட்களே பதில் பார்த்து வைத்திருந்தார்கள். இன்றைய தேடுபொறி அப்படியல்ல; அகப்பட்ட பக்கங்களைப் பிழிந்து தானே ஒரு பதிலாக்கித் தருகிறது. நீங்கள் தட்டிய சொற்கள் தமிழ்நாட்டுப் பக்கங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து எடுத்துத் தந்துவிட்டது.

அதனால் நம் கந்தோர்ச் சொல்லால் கேளுங்கள்: ‘இலங்கை சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பித்தல் வைத்தியச் சான்றிதழ்’. வந்ததை வாசிக்கும் முன் தளத்தின் முகவரியைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் ‘https://’ஐ விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் ‘டொட் ஜிஓவி டொட் எல்கே’ என்று முடிந்தால் அது அரச தளம் என்று நம்பலாம். நடுவில் ‘ஜிஓவி’ என்று செருகியிருப்பது கணக்கில் வராது.

அங்கே போனாலும் தமிழ்ப் பகுதியில் பாதி ஆங்கிலமாக இருக்கலாம். தமிழ் அரச கரும மொழியானது 1987இல். இன்னமும் சுற்றறிக்கையைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், இல்லையென்றால் பாமினி எழுத்துருவில் தட்டி வைக்கிறார்கள். பாமினி நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கோ பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். பிறகு சரியான பதில் எப்படி மேலே வரும்? அந்த வெற்றிடத்தில்தான் புரோக்கர் வந்து உட்காருகிறார்.

உங்களைப் பிடித்தவரும் அப்படித்தான் வந்திருப்பார். அந்த இணைப்பின் தலையில் ‘ஸ்பொன்சர்ட்’ என்று சின்னதாக இருந்ததா, பாருங்கள். இருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த இடம். வேரஹெர மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வாசலில் பைலோடு நின்று “அண்ணே, லைசென்ஸா?” என்று கேட்டவர்கள் இப்போது உங்கள் போனுக்குள் நிற்கிறார்கள். புதுப்பிக்க வைத்தியச் சான்றிதழ் வேண்டும். உங்கள் கண்ணை உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் போய்க் காட்ட முடியுமா? ‘போகாமலே’ என்ற அந்தச் சொல்லிலேயே ஆள் அகப்பட்டுவிட்டார்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். லேர்னர்ஸ், அதாவது வாகனம் ஓட்டப் பழக்கும் பாடசாலை, நடத்துபவர்கள் எல்லோரும் புரோக்கர்கள் அல்ல. முதல் தடவை லைசென்ஸ் எடுக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்த பயிற்சிப் பாடசாலைக்குப் போவது முறையான வழிதான். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், கட்டிய காசுக்கு ரசீது வாங்குங்கள், பரீட்சையில் ‘பாஸ் பண்ணித் தருகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் நீங்கள் கேட்டது புதுப்பிப்பு. அதற்கு அவர்களும் தேவையில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் 1919க்கு எடுங்கள், அரச தகவல் நிலையம். தமிழைத் தெரிவு செய்து, கட்டணம் எவ்வளவு, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்காரரின் நம்பரை இன்றைக்கே புளொக் பண்ணிவிடுங்கள்.