எலும்புக்குள் புதைந்த பல்லை இழுக்கும் விசையைக் கணினியில் ஏன் கணக்கிடுகிறார்கள்?

11, 12 வயதில் முளைக்க வேண்டிய மேல் கோரைப்பல் சிலருக்கு வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடக்கும். இதுதான் புதைந்த பல். ஈறைத் திறந்து, பல்லில் சின்னப் பொத்தான் ஒட்டி, மெல்லிய சங்கிலி கோத்து, மாதக்கணக்கில் மெதுவாக இழுப்பார்கள்.

எந்தப் பக்கம் இழுப்பது என்பதில்தான் சிக்கல். மயிலாப்பூர் தேர் மாடவீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க எத்தனை பேர் இருந்தாலும், முட்டுக்கட்டை சரியான சக்கரத்தில் விழாவிட்டால் தேர் ஓரத்துச் சுவரை நோக்கிப் போய்விடும். வாயில் அந்தச் சுவர், பக்கத்து வெட்டுப்பல்லின் வேர். புதைந்த பல் அதில் போய் அழுத்தினால் வேர் கரையக்கூடும்.

அதனால் முப்பரிமாண ஸ்கேனை வைத்து, பல், எலும்பு, நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் சவ்வு எல்லாவற்றையும் கணினியில் ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். விசை துண்டுக்குத் துண்டு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டால், அழுத்தம் எங்கே கூடுகிறது என்பது நிறங்களாகத் தெரியும். அந்தச் சவ்வுதான் முக்கியம்: அது நசுங்கும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கம் புதிதாக வளர்கிறது. பல் நகர்வதே அப்படித்தான். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் நடக்கிறது, எல்லா கிளினிக்கிலும் இருக்காது.

அப்புறம், பலமாக இழுத்தால் சீக்கிரம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விசை கூடினால் சவ்வில் ரத்த ஓட்டம் தடைபட்டு பல் நகர்வது தாமதமாகும், பெரும்பாலும் சுமார் 60 கிராம் எடைக்குச் சமமான விசையே போதும்.