கம்பெனிப் பெயருக்கு முன் கம்பத்தைப் பாருங்கள்

வீடு மாறும்போது எந்த இணையச் சேவையை எடுப்பது என்று பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு அடுத்த மாதம் பட்டணத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிபோகிறோம். ஐந்து பேர். மகள் பல்கலைக்கழகப் பாடங்களை வீட்டிலிருந்து படிக்கிறாள், மகனுக்கு ஆன்லைன் விளையாட்டு, மாலையில் எல்லாருக்கும் டிவி. யுனிஃபையா, மேக்சிஸா, செல்கோம்டிஜியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை, அம்மா. அந்த வீட்டு வாசல்வரை எந்தக் கம்பி வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சிறு பட்டணங்களில் கம்பத்தில் ஓடும் ஃபைபர் (ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கம்பி) பெரும்பாலும் டெலிகோம் மலேசியா இழுத்தது. யுனிஃபை அவர்களுடைய சொந்தச் சேவை. மேக்சிஸ், செல்கோம்டிஜி, ஆஸ்ட்ரோ ஆகியவை பல இடங்களில் அதே கம்பியை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்து நமக்கு விற்கின்றன. சில ஊர்களில் அல்லோ என்ற கம்பெனி இழுத்த கம்பியும் உண்டு. டைம் என்ற கம்பெனியின் சேவை பெரும்பாலும் அடுக்குமாடிகளில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் தெருவில் ஒரே ஃபைபர்தான் என்றால், மரம் விழுந்து கம்பி அறுந்தால் எல்லாக் கம்பெனிக்காரர்களுக்கும் சேர்ந்தே அறும். மாறுவது விலை, ரூட்டர், ஒப்பந்தக் காலம், புகாருக்குப் பதில் சொல்லும் வேகம் இவ்வளவுதான்.

வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நடை போய்ப் பாருங்கள். வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறதா, அதில் எஃப்டிபி (FDP) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபைபர் அங்கிருந்துதான் வீடுகளுக்குப் பிரிகிறது. ஒரு பெட்டியில் பொதுவாக 8 வீடுகளுக்குத்தான் இடம். எட்டும் நிறைந்துவிட்டால், இணையதளம் உங்கள் தெருவில் சேவை உண்டு என்று காட்டினாலும் 'போர்ட் இல்லை' என்ற பதில் வரும். பழைய தொலைபேசிக் கம்பி ஒன்று வீட்டுக்குள் தொங்குவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது செம்பு. அதில் ஓடிய ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பழைய இணையச் சேவை 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) தாண்டியதில்லை.

அடுத்து, முகவரியை வீட்டு எண், ஜாலான், தாமான் என்று முழுதாகக் கொடுத்து, ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் தேடுங்கள். ஒரே கம்பியாக இருந்தாலும் ஒரு தளத்தில் முகவரி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெஸ்தாரி ஜெயா என்று தேடிக் கிடைக்காவிட்டால் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரிலும் தேடிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் என்ன சேவை ஓடுகிறது, இரவு ஒன்பது மணிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது எல்லாத் தளங்களையும்விடப் பயனுள்ளது.

இன்னொரு தடங்கல், முன்பு அங்கே இருந்தவரின் கணக்கு. அவர் இணைப்பை முறைப்படி நிறுத்தாமல் போயிருந்தால், அந்த முகவரி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். உங்கள் விண்ணப்பம் தள்ளப்படும். சாவி வாங்கும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டு அதை நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தையோ வீடு வாங்கிய பத்திரத்தையோ கம்பெனியிடம் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும். குடிபோகும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை, ஐந்து பேருக்கு 100 எம்பிபிஎஸ் போதும். மிகத் தெளிவான 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் தாண்டாது. காணொளி வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். மகள் கோப்புகளை அனுப்பவும் காணொளியில் பேசவும் வேண்டியிருப்பதால், விளம்பரத்தில் பெரிதாகப் போடாத மேலேற்ற வேகத்தையும் கேளுங்கள். விலையைப் பார்க்கும்போது 6 விழுக்காடு சேவை வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விளம்பரத்தில் 99 வெள்ளி என்றால் மாதம் 104 வெள்ளி 94 சென். முதல் ஆறு மாதச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், ஒப்பந்தக் காலமான 24 மாதத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

கேள்வி: பழைய வீட்டில் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அப்படியே மாற்றிக்கொள்வதா, நிறுத்திவிட்டு வேறு கம்பெனி எடுப்பதா?

பதில்: புதிய முகவரியில் அதே கம்பெனியின் சேவை கிடைக்குமானால் இடமாற்றம் கேளுங்கள், ஐயா. அதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இடமாற்றக் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தம் எட்டு மாதத்தோடு முடியுமா அல்லது 24 மாதம் புதிதாகத் தொடங்குமா, இப்போதைய விலை தொடருமா. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

புதிய இடத்தில் அந்தக் கம்பெனிக்குச் சேவையே இல்லை என்றால், அதை அவர்களிடமே எழுத்தில் வாங்கிக்கொண்டு, அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். தங்கள் பக்கத்தில் சேவை இல்லாதபோது தண்டம் கேட்பது நியாயமில்லை. வலியுறுத்திக் கேளுங்கள். மறுத்தால் முதலில் கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள். பிறகு தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடமோ எஸ்கேஎம்எம் எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமோ அந்த எண்ணோடு போகலாம். எண் இல்லாத புகாரைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

நிறுத்தும்போது மோடமும் ரூட்டரும் அவற்றின் அடாப்டர்களும் கம்பெனிக்குரியவையா என்று பாருங்கள். திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கி, பெட்டிகளின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்கிய ரூட்டரைப் புதிய கம்பெனியில் போடுவதாக இருந்தால், விலேன் (VLAN) எண், அதாவது கம்பெனியின் லைனைப் பிடிக்க ரூட்டரில் போடும் அமைப்பு எண், மாறும். யுனிஃபைக்கு 500, மேக்சிஸுக்கு 621. இதை மாற்றாமல் எத்தனை முறை கடவுச்சொல் போட்டாலும் லைன் ஏறாது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் எடுத்தோம். கைப்பேசியில் சோதித்தால் கூடத்தில் 60, பின்னறையில் 8. ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் வைஃபையை ஒதுக்கிவிட்டு, ரூட்டரிலிருந்து ஒரு லேப்டாப்புக்கு கேட்5இ கேபிளைச் செருகிச் சோதியுங்கள். 94, 95 வந்தால் லைனில் கோளாறு இல்லை. கேபிள் செருகும் துளை நூறு மெகாபிட் வகையாக இருந்தால் அதற்கு மேல் வராது. கேபிளிலும் 30தான் என்றால் சோதனை முடிவைப் படம் எடுத்து, அதோடு புகார் கொடுங்கள்.

கேபிளில் சரியாக இருந்து பின்னறையில் குறைந்தால் குற்றம் சுவருடையது. நம் ஒற்றைமாடி வரிசை வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். கம்பம் தெருவில் இருப்பதால் தொழில்நுட்பர் மோடத்தை வாசல் பக்கத்திலேயே பொருத்திவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து சமையலறைவரை மூன்று நான்கு செங்கல் சுவர்கள். வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் ஒவ்வொரு சுவரிலும் தேயும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறையும். ஆகவே பொருத்த வரும் நாளிலேயே வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், பிளக் பாயின்ட் உள்ள இடத்தைக் காட்டி அங்கே போடச் சொல்லுங்கள். கூடுதல் கம்பிக்குச் சிறிது காசு கேட்கலாம். பிறகு மெஷ் (வைஃபையை உள்ளறைகளுக்குக் கடத்தும் கூடுதல் பெட்டிகள்) வாங்குவதைவிட அது மலிவு. டிவிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், சாமி மேடைக்குக் கீழே மூடிய பெட்டியிலும் ரூட்டரை வைக்காதீர்கள். மெஷ் வாங்கத்தான் வேண்டுமென்றால், இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காமல், பாதி வழியில் வையுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் இடையே கேபிள் இழுங்கள்.

ஃபைபர் உள்ளே கண்ணாடி. கதவிடுக்கில் நசுக்கினாலோ, மிச்சக் கம்பியை இறுக்கிச் சுருட்டிக் கட்டினாலோ ஒளி வெளியேறிவிடும். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் வளைக்காமல் இருந்தால் எந்த வகைக் கம்பிக்கும் பயமில்லை. மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, எலி கடித்திருக்கிறது, அல்லது பச்சை நிற முனை தளர்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு: செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரி, சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்ந்த கம்பியை இழுத்துக்கொண்டு போய்விடும். பொருத்தும்போதே அதை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்துக்குள்தான். ஃபைபர் இல்லை. என்ன வழி?

பதில்: தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் யாரும் கம்பம் நட முடியாது. எத்தனை குடும்பம், எத்தனை பேர் உடனே எடுப்பார்கள் என்று பட்டியல் போட்டு, கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்லி மேனேஜரிடம் ஆட்சேபமில்லை என்று கடிதம் வாங்குங்கள். அதோடு சேர்த்து விண்ணப்பிக்கும்போதுதான் பேச்சு நகரும். ஒரு வீட்டு விண்ணப்பத்துக்காகக் கம்பி இழுத்து வர மாட்டார்கள்.

அதுவரை 4ஜி அல்லது 5ஜி வீட்டு இணையம். 24 மாதம் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கம்பெனியின் ப்ரீபெய்ட் சிம்மை வாங்கி, ஒரு வாரம் இரவு எட்டு முதல் பத்து மணிவரை சோதியுங்கள். காலையில் 40 எம்பிபிஎஸ் காட்டும் கைப்பேசிக் கோபுரம், எல்லாரும் வேலை முடிந்து வந்தபின் 3க்கு இறங்கக்கூடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில் சிக்னலின் பலம் டிபிஎம் (dBm) என்ற அளவில் தெரியும். மைனஸ் 90க்குள், அதாவது மைனஸ் 80, 70 என்று இருந்தால் நன்று. மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போனால் அந்தச் சிம்மை விட்டுவிடுங்கள். கோபுரம் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலோரம் ரூட்டரை வையுங்கள். துத்தநாகக் கூரை அலையைத் தடுக்கும். மழையில் நனைந்த செம்பனை மட்டைகளும் சிக்னலைக் குறைக்கும். வெளியே ஆன்டெனா பொருத்த இடம் உள்ள ரூட்டராக இருந்தால் கூரை உயரத்தில் ஒன்றை மாட்டலாம். மாதத்துக்கு எத்தனை ஜிபி, அது முடிந்தபின் என்ன வேகம், ரூட்டரை வேறு இடத்துக்கு எடுத்துப்போக விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வீட்டுச் சிசிடிவி பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: இவ்வகை இணைப்பில் பொதுவாகத் தனி ஐபி (வெளியிலிருந்து நேரே உங்கள் இணைப்பை எட்டும் முகவரி) கிடைக்காது. கேமராவுக்குச் சொந்த செயலி இருந்தால் மட்டுமே வேலை செய்யும்.

செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் மாதம் 220 வெள்ளி, கருவி 2,300 வெள்ளி. இன்றைய விலையை அவர்கள் தளத்தில் பாருங்கள். அதன் தட்டு ஆன்டெனாவுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். முதிர்ந்த செம்பனைகள் சூழ்ந்த லயத்தில் ஓலை மறைத்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடும். அவர்களுடைய செயலியிலேயே கைப்பேசிக் கேமராவால் தடையைச் சோதிக்கலாம். வாங்கும் முன் அதைச் செய்துவிடுங்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பகிர நினைப்பவர்கள் ஒப்பந்த விதிகளை முதலில் படியுங்கள்.

கேள்வி: இடி இடிக்கும்போது மோடம் எரிகிறது. கரண்ட் போனால் இணையமும் போகிறது.

பதில்: ஃபைபரின் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டியை எரிப்பது பிளக் வழியாக வரும் மின்னல்தான். பழைய தொலைபேசிக் கம்பி செருகியிருந்தால் அதன் வழியாகவும் வரும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) வாங்கலாம். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், உள்ளிருக்கும் பேட்டரி 3.7 வோல்ட் என்ற கணக்கில் அது 37 வாட்மணி. மோடமும் ரூட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். அடாப்டர்களில் 12 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 செருகினால் கெட்டுவிடும்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு ஏஜென்ட் ஐசி (அடையாள அட்டை) நகலும் 50 வெள்ளியும் கேட்டார். கொடுக்கலாமா?

பதில்: ரொக்கம் கொடுக்காதீர்கள். முன்பணம் இருந்தால் அது கம்பெனியின் பில்லிலோ தளத்திலோதான் வரும். ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் கம்பெனியின் இணைய விண்ணப்பத்துக்கு மட்டும் என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். அவர் போனபின் கம்பெனியிடமிருந்து விண்ணப்ப எண் குறுஞ்செய்தியாக வர வேண்டும். இரண்டு நாளில் வராவிட்டால் வாடிக்கையாளர் சேவையை நீங்களே அழைத்து, உங்கள் ஐசி எண்ணில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா, எந்த முகவரிக்கு, எந்தத் திட்டம் என்று கேளுங்கள். 100 எம்பிபிஎஸ் கேட்டவர் பெயரில் விலை கூடிய திட்டம் பதிவாகியிருந்தால், பொருத்த ஆள் வருவதற்கு முன் மாற்றுவது எளிது.