சொந்த டேட்டா டைப்பை ஆர்பிசி வழியாக அனுப்பினால் ஏன் குழம்புகிறது?

நீங்களே எழுதிய ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய டைப்) ஆர்பிசியில், அதாவது வேறொரு கணினியிலுள்ள ஃபங்ஷனை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறையில், அனுப்பினால் எதிர்முனையில் குப்பையாக வருகிறது என்கிறீர்கள். உள்ளே பாயிண்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாயிண்டர் வெறும் முகவரி. காட்பாடியில் எழுதிக்கொடுத்த 'மூணாவது தெரு, நாலாவது வீடு' சீட்டை ஆம்பூரில் வைத்துத் தேடினால் வேறு யார் வீட்டுக் கதவையோதான் தட்டுவோம். முகவரி காட்டும் சரக்கையே பைட்டுகளாக்கி அனுப்ப வேண்டும்; அதுதான் சீரியலைசேஷன்.

பைட் வரிசையும் முக்கியம். டேட்டாவை அனுப்பும் வடிவத்துக்கென்று 1987-இல் வெளியான எக்ஸ்டிஆர் விதிப்படி, ஓர் எண்ணின் அதிக மதிப்புள்ள பைட் முதலில் போகும். இன்டெல் சிப்பில் குறைந்த மதிப்புள்ளது முதலில். ஸ்ட்ரக்டை அப்படியே மெமரியிலிருந்து அள்ளி அனுப்பாதீர்கள்.

சீரியலைசேஷனுக்கென்றே உள்ள புரோட்டோபஃப் என்ற கருவியை எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் யூனிட்டுக்கு 'தோல்' என்றொரு டைப் எழுதி ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஓர் எண் கொடுத்தேன்: லாட் நம்பருக்கு 1, தரத்துக்கு 2, சதுர அடிக்கு 3. நெட்வொர்க்கில் போவது ஃபீல்டின் பெயரல்ல, இந்த எண்தான். பிறகு தரத்தை எடுத்துவிட்டு 2-ஐ நிறத்துக்குக் கொடுத்தேன். இரண்டுமே ஸ்ட்ரிங் என்பதால் எந்த எர்ரரும் வரவில்லை. பழைய டைப்பையே வைத்திருந்த கிளையன்ட் புரோகிராம் மட்டும் 'தரம்: கறுப்பு' என்று பில் அடித்தது. நீக்கிய எண்ணை 'ரிசர்வ்ட்' என்று குறித்துவிடுங்கள், புது ஃபீல்டுக்கு 4 கொடுங்கள்.