ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்ல பிடிச்ச கரியையும் ஈயத்தையும் எப்படி எடுக்கது?

ரவுண்டு போடுத சிலிண்டரோட முகப்புல இருக்க கருப்பு வளையம் என்ன தேச்சாலும் போக மாட்டேங்கு, பேரலுக்குள்ள ஈயம் வேற ஒட்டியிருக்கு, பித்தளை பாலிஷ் பிராஸோ போடலாமா இல்ல வினிகர் ஊத்தி ஊற வைக்கலாமான்னு கேட்டிருக்கிய. ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. கருப்பு வளையத்த அப்படியே விட்டுருங்க, ஈயத்த மட்டும் எடுங்க. சுருக்கமா பதில் இவ்வளவுதான், ஏன் எதுக்குன்னு தெரியணும்னா கீழ வாசிங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க சித்தப்பா பாளையங்கோட்டைல லைசென்ஸ் எடுத்து துப்பாக்கிக் கடை வச்சிருந்தாவ, படிப்பு முடிஞ்சு வேலை கிடைக்காத காலத்துல நான் அங்கதான் கிடந்தேன். வாரதுல முக்காவாசி பன்னி விரட்ட வச்சிருக்க பன்னெண்டு போர், அப்புறம் பேங்க் காவலுக்கு நிக்க மிலிட்டரிக்காரங்களோடது. ரிவால்வர் கொஞ்சந்தான் வரும், அதுலயும் முக்காவாசி கான்பூர்ல செஞ்ச .32, நடுவுல ஒடிச்சுத் திறக்கது. வெள்ளையா மின்னுத ஸ்டெயின்லெஸ் எப்பவாவது ஒண்ணு வரும், பழைய வெளிநாட்டுச் சாமான், அதை வச்சிருக்கவங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் பாதி சாமான கெடுக்குதுங்கது என்னோட அபிப்பிராயம்.

ஏன்னா கருப்புத் துப்பாக்கில கரி பிடிச்சா கண்ணுக்குத் தெரியாது, எவனும் கவலைப்பட மாட்டான், வெள்ளைல பிடிச்சா பளிச்சுன்னு தெரியும், உடனே தேய்க்க உக்காந்திருவாங்க. அந்த வளையம் எப்படி வருதுன்னா, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும், ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு அவ்வளவுதான், அது இல்லன்னா சிலிண்டர் சுத்தாது. சுடும்போது குண்டு அந்த இடத்தத் தாண்டையில பின்னால வார நெருப்பும் கேஸும் அந்த இடுக்கு வழியா பக்கவாட்டுல பீச்சும், சிலிண்டர் முகப்புல ஒவ்வொரு ஓட்டையச் சுத்தியும் கரியச் சுட்டு ஒட்டிட்டுப் போகும். நீங்க இன்னைக்கு முழுசா தேச்சு எடுத்தாலும் அடுத்த தடவ ரேஞ்சுல ஆறு ரவுண்டு போட்டா திரும்ப அதே வளையம் வந்து நிக்கும். சட்டி அடி கருத்திருக்குன்னு குழம்பு கெட்டா போயிரும்? அதே கதைதான். ஆனா எமரி பேப்பர், பாலிஷ் பேஸ்ட், டிரில் மிஷின்ல மாட்டுத பிரஷ்னு போட்டு அரைச்சியன்னா கரியோட சேந்து இரும்பும் போகும், முகப்பு தேய தேய அந்த இடைவெளி கூடும், ஓட்டை விளிம்பு மழுங்கும், தேஞ்சது திரும்ப வராது. கரி மேடா பொருக்குத் தட்டி பேரல்ல உரசி சிலிண்டர் சுத்த முடியாம இறுகினா மட்டும் அந்தப் பொருக்க எடுக்கணும், அதுக்கு சால்வென்ட்ல, அதாவது கரியக் கரைக்குத திரவத்துல, ஊற வச்சு நைலான் பிரஷோ வெண்கல பிரஷோ போட்டாலே போதும். கறை நிக்கும், நிக்கட்டும்.

ஈயம் அப்படி இல்ல, அது வேலையக் காட்டும். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் மாதிரி ரவுண்டுல செம்பு உறை இல்லாம வெறும் ஈயக் குண்டு வரும்ல, அதுதான் காரணம். ஈயம் 327 டிகிரிலயே உருகுத உலோகம், மருந்து எரியுத சூடு அதுக்கு எங்கயோ மேல. குண்டு பேரல் துளைக்குச் சரியா அடைச்சுப் போனா தப்பிச்சிரும், ஒரு மயிரிழை சின்னதா இருந்தா பக்கத்து வழியா கேஸ் புகுந்து குண்டோட விலாவ அரிச்சு எடுத்து முன்னால சுவத்துல பூசிட்டுப் போகும். முதல்ல பிடிக்குத இடம் ஃபோர்சிங் கோன், அதாவது சிலிண்டர்ல இருந்து குண்டு உள்ள நுழையுத அந்தப் புனல் வாய், அதுல இருந்து ரைஃப்ளிங் காடி, அதாவது பேரலுக்குள்ள திருகாணி மாதிரி ஓடுத பள்ளம், ஆரம்பிக்குத ஒரு இஞ்சு. அதுக்குப் பதிலா வாய்ப்பக்கம், அதாவது குண்டு வெளிய போற நுனில மட்டும் ஈயம் பிடிச்சிருந்தா, குண்டுல தடவின மெழுகு பாதி வழிலயே தீந்திருச்சுன்னு அர்த்தம். இத ஏன் சொல்லுதேன்னா, எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தாலே கோளாறு எதுலன்னு பாதி தெரிஞ்சிரும், சும்மா மொத்தமா தேச்சு விட்டுட்டா அது தெரியாமப் போயிரும்.

பாக்கது எப்படின்னா, எல்லா ரவுண்டையும் எடுத்து வேற ரூம்ல வச்சுட்டு வாங்க, அதே மேசைல ஓரமா வைக்கது கூடாது, திரும்ப ஒரு தடவ ஆறு ஓட்டையையும் விரல விட்டுப் பாருங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. சிலிண்டர வெளிய தள்ளிட்டு அது உக்காருத ஃப்ரேம் ஜன்னல்ல ஒரு வெள்ளக் காயிதத்த வச்சு டார்ச் அடிச்சு பேரல் வாய் வழியா பாத்தா வெளிச்சம் தெறிச்சு உள்ள முழுக்கத் தெரியும். கரி கருப்பாத் தெரியும், ஈயம் மங்கின சாம்பல் நெறத்துல கோடு கோடா காடியோடயே ஓடும், சில இடத்துல செதிலா நிக்கும்.

எடுக்க வழி. முதல்ல கைப்பிடிக் கட்டைய கழத்திருங்க, மரமோ ரப்பரோ சால்வென்ட் பட்டா வீணாப் போகும். கடைல ஹோப்பீஸ் நம்பர் 9ங்க சால்வென்ட் கிடைச்சா நல்லது, 1903லருந்து உள்ள சாமான், வாசனையே தனி, கிடைக்கலன்னா மண்ணெண்ணெய் போதும், கரிக்கு அது கெட்டிக்காரன்தான், இப்ப ரேஷன்ல கிடைக்கதுதான் பெரும்பாடு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், வீடு பத்திக்கிடும். மெக்கானிக் பயலுவ வச்சிருக்க கார்ப்ரேட்டர் கிளீனர் கரியக் கரைக்கும், ஆனா எண்ணெய மொத்தமா வழிச்சிட்டுப் போயிரும், அடிச்சா வெட்டவெளில அடிங்க, திரும்ப எண்ணெய் போட மறந்துராதிய. பேரலையும் சேம்பரையும், அதாவது சிலிண்டர்ல ரவுண்டு உக்காருத ஓட்டைகளையும், நனைச்சு ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் பிரஷ் போட்டா வேலை பாதியாக் கொறையும், நம்ம ஆளுவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஊத்தின கையோட தேய்க்க ஆரம்பிப்பாங்க.

பிரஷ் வெண்கலமா இருக்கணும், இரும்பு பிரஷ் ஆகாது. பிரஷ் மாட்டி உள்ள விடுத ராடு ஒரே துண்டா, பித்தளையோ பிளாஸ்டிக் உறை போட்டதோ நல்லது. சிலிண்டர் பக்கவாட்டுல திறக்க ரிவால்வர்ல பின்பக்கமா ராட விட முடியாது, ஃப்ரேம் மறிக்கும், வாய் வழியாத்தான் விடணும், அப்ப ராடு வாய் விளிம்புல உரசாம விரல வச்சுத் தாங்கிக்கிடணும், அந்த விளிம்பு ஒரு பக்கம் தேஞ்சா குறி மாறிப் போயிரும். கான்பூர் .32 மாதிரி ஒடிக்கது வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, பின்னாலருந்தே விடலாம். பிரஷ்ஷ முழுசா அந்தப் பக்கம் தள்ளிட்டுத்தான் திரும்ப இழுக்கணும், நடுவுல திருப்பினா மாட்டிக்கிடும்.

வெறும் பிரஷ்ஷுக்கு ஈயம் மசியாது, அங்கதான் ஒரு வித்தை இருக்கு. பாத்திரம் தேய்க்க செம்புக் கம்பி நார் விக்காம்ல, அதுல நாலு இழைய வெட்டி தேஞ்சுபோன பழைய பிரஷ்மேல சுத்தி, துளைக்குள்ள இறுக்கமாப் போற அளவுக்கு ஆக்கி, சால்வென்ட்ல முக்கி பத்து இருபது தடவ விட்டு எடுங்க. ஈயம் வெள்ளி மாதிரி துணுக்கு துணுக்கா உதிந்து துணில வரும். செம்பு ஈயத்தச் சுரண்டும், இரும்ப ஒண்ணும் செய்யாது. ஆனா நல்ல செம்பான்னு காந்தம் வச்சுப் பாத்து வாங்குங்க, மேல செம்பு முலாம் உள்ள இரும்புக் கம்பின்னுதான் பாதி நார் விக்கான், காந்தம் ஒட்டிச்சுன்னா அது அடுக்களைக்குத்தான் லாயக்கு. ஈயம் எடுக்கதுக்குன்னே மருந்து ஏத்தின மஞ்சத் துணியும் உண்டு, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அத தாராளமாப் போடலாம், ஆனா கருப்புப் பாலிஷ் போட்ட துப்பாக்கில போட்டியன்னா கருப்பு மொத்தமும் துணியோட வந்திரும். செம்பு உறை போட்ட குண்டு ரெண்டு சுட்டா ஈயம் தானா வெளிய போயிரும்னு ஒரு பேச்சு இருக்கு, நம்பாதிய, அது ஈயத்த இன்னும் நல்லா அமுக்கி இஸ்திரி போட்டு விடும், துளை இறுகி பிரஷர் ஏறும். அதுபோக இங்க லைசென்ஸ்ல வருசத்துக்கு இத்தனைன்னு எண்ணி வாங்குத ரவுண்ட இதுக்கா வீணாக்குவாங்க?

அப்புறம் சேம்பர். .32 ஷார்ட்டும் லாங்கும் ஒரே சிலிண்டர்ல போகுதுன்னு மாத்தி மாத்திப் போடுதவங்க உண்டு. ஷார்ட் ரவுண்டோட பித்தளைக் கூடு நீளம் கொறைவு, அது முடியுத இடத்துல உள்ளுக்குள்ள கரியும் ஈயமும் ஒரு வளையமாக் கட்டிக்கிடும், அப்புறம் லாங் போட்டா முழுசா உக்காராது, கட்டை விரல வச்சு அமுக்கி உள்ள தள்ளப் பாப்பாங்க, அது தப்பு. முகப்புக் கருப்ப நான் விடச் சொல்லுதேன், இந்த உள்வளையத்த விடச் சொல்லல, இது கண்டிப்பா எடுக்கணும், துளைய விட ஒரு சைஸ் பெரிய வெண்கல பிரஷ்ஷ விட்டு திருகுங்க.

எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம், அதாவது சிலிண்டர் பின்னால சுட்ட கூடுகள வெளிய தள்ளுத துண்டு, அதுக்கு அடில பல் தேய்க்க பிரஷ் போட்டு துடைங்க. எரியாத மருந்துத் துணுக்கு ஒண்ணே ஒண்ணு அங்க சிக்கினாப் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுத்தாது, ரிவால்வர் ரிப்பேர்னு கடைக்கு வந்ததுல பாதி இந்தக் கேஸ்தான். சுட்ட பித்தளைக் கூடுகளத் தள்ளும்போது பேரல் வாய் மேல பாத்து நிக்கணும், அப்ப துணுக்கு எல்லாம் கீழ விழுந்திரும், அடில போய் ஒளியாது.

வினிகர் விஷயத்துக்கு வாரேன். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊத்தினா ஈயம் கரையும், உண்மதான், பொங்கி நுரைச்சு வரதப் பாக்க ஆசையாவும் இருக்கும். ஆனா கரைஞ்ச ஈயம் ஈய அசிடேட்டா அந்தத் தண்ணில நிக்கு, கட்டி ஈயத்த விட அது மோசம், தோல் வழியாக்கூட உடம்புக்குள்ள போகும், அத எங்க கொட்டுவிய, வாய்க்கால்லயா? அதோட அந்தக் கலவை ஸ்டீலையும் அரிச்சுப் புள்ளி விழ வைக்கும். பிராஸோ பெல்ட் பக்கிளுக்கு உள்ளது, அது அரைக்குத சாமான், துளைக்குள்ளயும் சிலிண்டர் முகப்புலயும் அதுக்கு வேலை இல்ல.

ஈயத் தூசிய நம்ம ஊர்ல யாருமே சட்டை பண்ணுததில்ல, எனக்கு ஆத்தாமையே அதுதான். குண்டுல மட்டுமில்ல, ரவுண்டோட பின்னால அடி வாங்கிப் பத்துத கேப்புல இருக்க மருந்துலயும் ஈயம் உண்டு, அதனால அந்தக் கரியே சுத்தக் கரி இல்ல. ரத்தத்துல ஈயம் இவ்வளவு வர இருக்கலாம்னு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பிள்ளைங்களுக்கு மூளையத்தான் அடிக்கும். நம்மாளு என்ன செய்யுதான், சாப்பாட்டு மேசைல பேப்பர விரிச்சு, பக்கத்துல டீய வச்சுக்கிட்டு, பேரன மடில உக்கார வச்சு துப்பாக்கி துடைக்கான். கையுறை போடுங்க, பத்து ரூவா சாமான். மொட்ட மாடிலயோ திண்ணைலயோ வச்சு செய்யுங்க, ஊதாதிய, வாரியல் போட்டு கூட்டாதிய, ஈரத் துணிய வச்சு ஒத்தி எடுங்க. துடைச்ச துணி எல்லாத்தையும் ஒரு கவர்ல கட்டிப் போடுங்க, அடுப்புல போட்டு எரிக்காதிய. கைய சோப்புப் போட்டுப் பச்சத் தண்ணில கழுவுங்க, போட்ட சட்டையத் தனியாத் துவைங்க.

முடிச்சிட்டு எண்ணெய். தேங்கா எண்ணெய் வேண்டாம், குளுருக்கு உறைஞ்சு போகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து துணில தேச்சு அந்தத் துணியால துடைச்சாப் போதும். சேம்பருக்குள்ள எண்ணெய் நிக்கக் கூடாது, கேப்புக்குள்ள இறங்கினா ரவுண்டு செத்துப்போகும். எவர்சில்வர் தானே துரு பிடிக்காதுன்னு நெனச்சிராதிய. வீட்டு எவர்சில்வர் தட்டுல காந்தம் அநேகமா ஒட்டாது, துப்பாக்கி ஸ்டெயின்லெஸ்ல பெரும்பாலும் ஒட்டும், அது வேற ரகம், கடைஞ்செடுக்க வசதியா இருக்கும், துருவத் தாங்குத சக்தி கொஞ்சம் கொறைவு. காந்தம் ஒட்டுது, டூப்ளிகேட்டான்னு கேட்டு வந்தவங்களும் உண்டு. உவரி, இடிந்தகரை பக்கம் உப்புக் காத்துல இருக்கவங்க வேர்வக் கையோட தொட்டுட்டு அப்படியே தோல் உறைல சொருகி வச்சா, அந்தத் தோல் ஈரத்தப் பிடிச்சு வச்சு புள்ளி புள்ளியாத் துரு வரும். இரும்பு நார் போட்டு தேச்சிருந்தா இன்னும் சீக்கிரம் வரும், அந்த இரும்புத் தூள் ஸ்டெயின்லெஸ் மேல ஒட்டி அதுவே துருவா மாறும். உறை இடுப்புக்கு, பீரோவுக்கு இல்ல.

எலெக்ஷனுக்கு ஸ்டேஷன்லயோ கடைலயோ டெபாசிட் பண்ணச் சொல்லும்போது சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டு உறை இல்லாமக் குடுங்க, மாசக்கணக்குல அங்க கிடக்கும், யாரும் துடைக்க மாட்டாங்க. திரும்ப வந்த உடனே முதல் வேலையா உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க.

இவ்வளவு செஞ்சும் ஒவ்வொரு தடவையும் ஃபோர்சிங் கோன்ல ஈயம் கட்டுதுன்னா அது சுத்தம் பண்ணுத விஷயம் இல்ல, அந்தப் புனல் வாய் சொரசொரப்பா இருக்கும் இல்ல சிலிண்டர் நேரா வந்து நிக்காம இருக்கும். தெரிஞ்ச லேத் பட்டறை தம்பிகிட்ட குடுத்து கடைஞ்சுக்கிடலாம்னு போயிராதிய, 1959 ஆயுதச் சட்டத்துல ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேணும், உங்களுக்கும் கேஸ், அந்தத் தம்பிக்கும் கேஸ். பக்கவாட்டுத் தகட்ட நீங்களே கழத்தவும் வேண்டாம், திருகு தலை சிதைஞ்சு வந்து நிக்கதுதான் மிச்சம். லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட லைசென்ஸ் புக்கோட கொண்டுபோங்க, போகும்போது ஈயத்தத் துடைக்காம அப்படியே கொண்டுபோங்க, எந்தப் பக்கம் கூடக் கட்டியிருக்குன்னு பாத்தாத்தான் அவருக்கும் கோளாறு பிடிபடும்.